கல்யாணத் தலை, கேணல் உடம்பு

என் அத்தான் குணசேகரம் 2009 மே மாதம் போரில் செத்துப்போனார் என்று இந்தச் சுவிஸில் ஒரு கூட்டம் இன்றைக்கும் அடித்துச் சொல்கிறது. கார்த்திகை மாதம் மாவீரர் நாள் வந்தால் அவருடைய படத்துக்கு மாலை போட்டு, விளக்கு வைத்து, தலை குனிந்து நிற்கிறது. செத்துப்போன அந்த மனிதர் நாங்கள் இருக்கிற ஷ்லீரனில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறார். விடிய முன்னர் எழும்பி, தடித்த ஜக்கெட்டை மாட்டிக்கொண்டு, பஸ் பிடித்துப் போகிறார். சம்பளத்தில் வரியும் கட்டுகிறார். செத்தவனிடம் எந்த அரசாங்கம் வரி வாங்குகிறது என்று நான் கேட்டால், என் கணவர் பாலச்சந்திரன், "கௌரி, உனக்கு வாய் கூட" என்பார். கூடத்தான். வாயில்லாத ஆட்களால்தான் இந்தக் கதை இவ்வளவு தூரம் வந்தது.

அத்தான் என்றால் என் அக்கா சிவகலாவின் கணவர். கிளிநொச்சியில் ஒரு கூட்டுறவுச் சங்கக்கடையின் களஞ்சியத்துக்குப் பொறுப்பாக இருந்தவர். தொண்ணூறாம் ஆண்டு கடை மேல் ஷெல் விழுந்தது. உள்ளே அரிசி மூட்டைகளோடு அவருடைய தம்பியும் எரிந்துபோனான். அடுத்த மாதமே அத்தான் இயக்கத்துக்குப் போய்விட்டார். போனவருக்குக் கண்ணாடி இல்லாமல் இலக்கே தெரியவில்லை. "இவனிட்டைத் துவக்கைக் குடுத்தா எங்களைத்தான் சுடுவான்" என்று பயிற்சி கொடுத்தவர் சிரித்துவிட்டு நிர்வாகத்துக்கு அனுப்பிவிட்டார். இளமாறன் என்று பெயரும் வைத்தார்கள்.

நிர்வாகம் என்றால் பலருக்கு இளக்காரம். துவக்குப் பிடிக்கிறவனுக்கும் வயிறு இருக்கிறது, மழையில் நனைகிற முதுகு இருக்கிறது, சேற்றில் ஊறுகிற கால் இருக்கிறது. அந்த வயிற்றுக்குப் புட்டும் சம்பலும் பார்சல் கட்டி, ஷெல்லடிக்குள் உழவு இயந்திரத்தில் ஏற்றிக் காவலரணுக்கு அனுப்புவதுதான் அத்தானின் சண்டை. ஒரு சமையல் கொட்டிலில் தொடங்கி, பிறகு ஒரு படையணியின் நிர்வாகப் பொறுப்பாளரானார். 2006இல் சண்டை திரும்பத் தொடங்கியபோது வன்னியின் ஒரு பக்கத்துக்கே சாப்பாடு, உடுப்பு, சப்பாத்து எல்லாம் அவருடைய கையால்தான் போனது. பார்சல் பிந்தினால் ஏச்சு. நேரத்துக்குப் போனால் ஒரு நன்றியும் இல்லை. தன் தங்கச்சியின் கல்யாணத்துக்குப் பால்மா ரின்னும் சீனியும் கேட்ட ஒரு தளபதிக்கு, "படையணிச் சாமான் படையணிக்கு" என்று சொல்லி, அதற்குத் தண்டனையாகக் காட்டில் விறகு வெட்டியும் வந்தார்.

அவரை ஒரு புனிதராக்க நான் வரவில்லை. இங்கே வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபோது அவராகவே சொன்னார்.

"முந்தியெல்லாம் பெரிய சைஸ் சப்பாத்துத்தான் கேட்டு விடுவினம். 2008 கடைசியிலை சின்னச் சைஸா கேக்கத் தொடங்கிச்சினம். அப்பவே எனக்கு விளங்கீட்டுது, ஆரைப் பிடிச்சுக்கொண்டு வருகினம் எண்டு."

"நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"பிள்ளையள் வளந்த பிறகு வந்து சப்பாத்துக் கேளுங்கோ எண்டனான். சத்தம் போட்டவை."

"பிறகு?"

"குடுத்தனான்."

நான் கத்தியை வைத்துவிட்டேன். "குடுத்தனீங்களோ?"

"வெறுங்காலோடை அனுப்பச் சொல்லுறியோ, கௌரி?"

பிள்ளை பிடித்தவர்கள் மேல் எனக்கு எவ்வளவு ஆத்திரமோ, அவ்வளவு ஆத்திரம் இவர் மேலும் வந்தது. இதைக் கேட்டுக் கோபிக்க ஒருவருக்கு உரிமை உண்டு. அகதி விசாரணையிலும் அவர் இதை மறைக்காமல்தான் சொன்னார். ஆனால் அவரை விழுத்தியது இந்த உண்மை அல்ல. இங்கே நினைவேந்தல் நடக்கிற ஹோலுக்குள் சூடாக இருந்துகொண்டு எங்கள் ஆட்கள் சோடித்த ஒரு பொய்.

முள்ளிவாய்க்காலில் கடைசி நாட்களில், படைக்கென்று வைத்திருந்த அரிசியை ஒருவரிடமும் அனுமதி கேளாமல் சனத்தின் கஞ்சிக் கிடாரத்துக்குள் கொட்டிவிட்டு, அக்காவையும் மகள் யாழிசையையும் கூட்டிக்கொண்டு சனத்தோடு சனமாக வெளியேறினார் அத்தான். வழியில் கூட்டம் அவர்களைப் பிரித்துவிட்டது. கல்யாண ஆல்பம் முதல் உடுப்புப் பை வரை எல்லாம் அங்கேயே போயிற்று. கடலேரிப் பக்கம் அவர் விழுந்து கிடந்ததைக் கண்டதாக யாரோ சொல்லி, அந்தச் செய்தி ஷ்லீரனுக்கு வந்து சேர்ந்தது. முகாமுக்குள் இருந்த அக்காவோடு தொடர்பே இல்லை. நாங்கள் அழுது, எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவும் செய்தோம்.

அந்த நேரத்தில்தான் எங்கள் வட்டாரத்து நினைவேந்தல் குழுவின் தலைவர் தவராஜா வீட்டுக்கு வந்தார். படம் கேட்டார். எங்களிடம் இருந்தது அக்கா அனுப்பியிருந்த கல்யாணப் படம் ஒன்றுதான். பாலச்சந்திரன் எடுத்துக் கொடுத்தார்.

இயக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. உயிரோடு இருக்கும் வரையில் பெரும்பாலும் பட்டம் கிடையாது. செத்த பிறகுதான் கப்டன், மேஜர், லெப்டினன்ட் கேணல் என்று தலைமை அறிவிக்கும். 2009 கார்த்திகையில் அறிவிப்பதற்குத் தலைமை எங்கே இருந்தது? அந்த வேலையைத் தவராஜாவின் குழு கையில் எடுத்துக்கொண்டது. ஷாஃப்ஹவுசன் பக்கத்துக்காரரிடம் இரண்டு லெப்டினன்ட் கேணல்கள் இருந்தார்களாம். எங்கள் பக்கத்தில் மேஜருக்கு மேலே ஆள் இல்லை என்பது இவர்களுக்குப் பெரிய மானப் பிரச்சினை. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று அள்ளி ஊற்றினார்கள். புட்டுப் பார்சல் கட்டிய மனிதர் லெப்டினன்ட் கேணல் இளமாறன் ஆனார். ஏதோ ஒரு இரவுச் சமரை முன்னின்று நடத்தினார் என்றும் கீழே எழுதி, சொந்தப் பெயர், ஊர் எல்லாம் போட்டு இணையத்திலும் ஏற்றினார்கள். கல்யாணப் படத்தில் இருந்த தலையை வெட்டி, யாருடையதோ வரிச்சீருடை உடம்பின் மேல் ஒட்டியிருந்தார்கள். நெற்றியில் சந்தனப் பொட்டு அப்படியே இருந்தது. சந்தனப் பொட்டோடு எந்த லெப்டினன்ட் கேணல் சண்டைக்குப் போனான் என்று அந்த ஹோலில் ஒருவரும் கேட்கவில்லை.

2011 வசந்த காலத்தில் ஒரு நாள் தொலைபேசி அடித்தது. "கௌரி, நான் அத்தான் கதைக்கிறன். இஞ்சை எல்லையிலை காம்பிலை நிக்கிறன்." எட்டுச் செலவு முடித்த ஆளின் குரல். இராணுவத்தின் தடுப்பு முகாமில் இருந்து தப்பி, ஏஜென்சி மூலம் நாடு நாடாக அலைந்து வந்திருந்தார். அக்காவும் யாழிசையும் அதற்கு முன்னரே திருச்சிக்குப் போய் ஒரு வாடகை அறையில் இருந்தார்கள். அகதி அந்தஸ்து கிடைத்தால் மனைவியையும் மகளையும் உடனே கூப்பிடலாம். அத்தானுக்கு அதற்குப் பிறகு வேறு யோசனையே இருக்கவில்லை. யாழிசைக்கு அப்போது பன்னிரண்டு வயது. "இஞ்சை வந்து ஜெர்மன் படிக்க அவளுக்கு இன்னும் வயசிருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

அந்தக் கார்த்திகையில், சமையல் கொட்டிலில் தன்னோடு நின்று செத்துப்போன பிள்ளைகளுக்குப் பூப் போட வேண்டும் என்று ஹோலுக்கு வந்தார். நானும் கூடப் போனேன். தவராஜாவிடம் முன்னரே சொல்லியிருந்தேன், ஆள் உயிரோடு வந்துவிட்டார், படத்தை எடுங்கள் என்று. எடுத்திருப்பார்கள் என்று நம்பித்தான் போனோம். வரிசையாகப் பூப் போட்டுக்கொண்டு வந்த அத்தான் ஒரு படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"தலை என்ரை" என்றார் மெதுவாக. "உடம்பு ஆரின்ரையோ."

நான் படத்தைப் பிடுங்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, தன்னிடம் இருந்த கடைசிப் பூவை அந்தப் படத்துக்கு முன்னால் வைத்தார். "உடம்புக்காரன் செத்திருப்பான்தானே" என்றார்.

இருந்தபோது வெறுங்கண், செத்தால் செந்தாமரைக் கண் என்பார்கள். இங்கே செத்த கண்ணுக்குப் பூசை நடக்கிறது, இருக்கிற கண் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது.

அடுத்த வருடம் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். தான் செய்த வேலையை ஒளிக்காமல் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அதிகாரி, கடைசியில் அந்தப் படத்தை மேசையில் வைத்தார். இது நீங்களா? தலை நான், உடம்பு நான் இல்லை என்றார் அத்தான். மொழிபெயர்த்த பெண் ஒருமுறை திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் மொழிபெயர்த்தாள். அதிகாரி சிரிக்கவில்லை. அவரை நான் குறை சொல்லமாட்டேன். ஒரு சமூகமே லெப்டினன்ட் கேணல் என்று கும்பிடுகிறது, ஆள் மட்டும் நான் சோறுதான் கொடுத்தேன் என்கிறார். யாரை நம்புவார்?

வழக்கை எடுத்த வழக்கறிஞர் ஒரு இளம் சுவிஸ் பெண். நல்லவள். "நிர்வாகம் செய்தவருக்காக வாதாடலாம். சமர் நடத்திய லெப்டினன்ட் கேணலுக்காக என்னால் ஒன்றும் செய்ய முடியாது" என்றாள். "பட்டத்தைக் கொடுத்தது நாங்கள்தான், அது உண்மையில்லை என்று குழுவில் இருந்து ஒரே ஒரு ஆள் வந்து சாட்சி சொன்னால் போதும்."

ஒரே ஒரு ஆள். நான் அத்தானையும் கூட்டிக்கொண்டு தவராஜாவின் வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணீர் தந்தார். எங்களுக்கு எதிரே, தன் மகள் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிய படத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, பொறுமையாகக் கேட்டார்.

"தங்கச்சி, நீங்கள் சொல்லுறது விளங்குது. ஆனா ஒரு படத்தை எடுத்தா, சனம் மற்றப் படங்களையும் சந்தேகப்படும். போராட்டத்துக்குத்தான் கெட்ட பேர்."

"அண்ணை, படத்தை விடுங்கோ. சாட்சிக்கு ஒருக்கா வாங்கோ. இவரின்ரை மனுசியும் பிள்ளையும் அங்கை தனிய நிக்கினம்."

அவர் என்னை விட்டுவிட்டு அத்தானைப் பார்த்தார். "குறை நினையாதேங்கோ, தம்பி. பொறுப்பிலை இருந்த எத்தினையோ பேர் திரும்பி வரேல்லை. நீங்கள் எப்பிடி உயிரோடை வந்தனீங்கள் எண்டும் சனம் கேக்குது."

சனம் கேட்கவில்லை. அவர்தான் கேட்டார். இந்த நாட்டுக்கு எண்பத்தாறில் வந்து, ஒரு ஷெல் விழுந்த சத்தத்தையும் கேளாமல், பத்திரமாகக் கோடை விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போய் வந்த மனிதர், முள்ளிவாய்க்காலில் இருந்து வந்தவரைப் பார்த்து ஏன் சாகவில்லை என்று கேட்கிறார். தேத்தண்ணீர்க் கோப்பையை நான் மேசையில் வைத்த வேகத்தில் பாதி கொட்டுப்பட்டது. அத்தான் தன் லேஞ்சியை எடுத்து அந்தத் தண்ணீரைத் துடைத்துவிட்டு, "வாறம், அண்ணை" என்று எழும்பினார்.

குழுவில் இருந்த மற்றவர்களிடமும் போனேன். அட்லிஸ்வில் கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு நின்றவரைக் கூட மறித்துக் கேட்டேன். ஒருவருக்கு முதுகு வருத்தம். இன்னொருவருக்குப் பிள்ளையின் சிட்டிசன் அலுவல் நடக்கிறதாம், இந்த நேரத்தில் பேர் வெளியே வரக்கூடாதாம். எல்லோரும் அத்தானைக் கடையில் கண்டால், "எப்பிடி, சுகமோ?" என்று கேட்கிறவர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். முழு மனிதனை மாலைக்குள் மறைத்ததை அப்போதுதான் கண்டேன்.

2014 கடைசியில் முடிவு வந்தது. அதற்கு ஜெர்மனில் நீளமான ஒரு சொல் இருக்கிறது. தமிழில் சொன்னால், தஞ்சம் பெற அருகதை இல்லாதவர். திருப்பி அனுப்பமாட்டார்கள், எஃப் விசா என்ற தற்காலிக அனுமதியில் இருக்கலாம். நாட்டை விட்டு வெளியே போக முடியாது. குடும்பத்தைக் கூப்பிட மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். அருகதை! முள்வேலிக்குள் எங்கள் சனத்தை அடைத்து வைத்து நிர்வாகம் செய்தவர்கள் கோட்டும் சூட்டுமாக உலகம் முழுக்கச் சுற்றுகிறார்கள். அவர்களுடைய அருகதையை அளந்து பார்க்க ஒருவரும் இல்லை.

யாழிசைக்கு அப்போது பதினைந்து முடிந்துவிட்டது. பதினெட்டுக்கு மேலே போனால் பிள்ளை கணக்கில் வராது. எந்தப் பிள்ளைக்கும் கணக்குத் தெரியும். அவள் ஒருநாள் தொலைபேசியில், "சித்தி, நான் இனிச் சுவிசுக்கு வரேலாதெண்டு அப்பாவுக்கு விளங்கீட்டுதோ? அவர் இன்னும் எனக்கு ஜெர்மன் சொல்லித் தாறார்" என்றாள். அவள் சொன்னபடியே நடந்தது. காலம் முடிந்தபோது அக்கா மட்டும் வரலாம் என்றார்கள். மகளைத் தனியே விட்டுவிட்டு வர அக்கா மாட்டேன் என்றுவிட்டாள்.

2019இல் யாழிசைக்குத் திருச்சியிலேயே கல்யாணம் சரிவந்தது. மாப்பிள்ளை வீட்டாரும் எங்கள் ஊர் ஆட்கள், எண்பதுகளிலேயே அங்கே போனவர்கள். நானும் பாலச்சந்திரனும் போனோம். மகளின் கல்யாணத்துக்குப் போக முடியாத மனிதர், விமான நிலையம் வரை எங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

மாப்பிள்ளையை வரவேற்று ஆலாத்தி எடுக்க இரண்டு சுமங்கலிகள் வேண்டும். அம்மாதான் எடுக்க வேண்டும் என்று யாழிசை முன்னமே சொல்லியிருந்தாள். அக்கா பட்டுச் சேலையும் குங்குமப் பொட்டுமாகத் தட்டைத் தூக்கினாள். நான் மற்றப் பக்கம் பிடிக்கப் போனேன். அப்போது மாப்பிள்ளையின் பெரியம்மா யோகாம்பாள் முன்னுக்கு வந்து தட்டில் கை வைத்தார். குரல் தாழ்த்தித்தான் சொன்னார். ஆனால் வாசலில் நின்ற எல்லோருக்கும் கேட்டது.

"சிவகலா, குறை நினையாதேங்கோ. நீங்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. இது மங்கலக் காரியம்."

"ஏன், மாமி?" என்றாள் அக்கா.

"அவர் மாவீரர். கார்த்திகைக்குக் கார்த்திகை கம்பியூட்டரிலை சுவிஸ் நிகழ்ச்சியைப் பாத்து, அவரின்ரை படத்துக்கு நானும் விளக்கு வைக்கிறனான். நீங்கள் பொட்டு வைச்சுக்கொண்டு, சுவிஸிலை இருந்து மனுசன் கதைக்கிறார் எண்டு சொல்லித் திரியிறியள். ஆர் அந்த ஆள் எண்டு சனம் கேக்காதோ?"

தட்டில் இருந்த திரி ஆடியது. பத்து வருடமாக அக்கா வாழ்ந்த வாழ்க்கைக்கு இந்த மனுசி ஒரு நொடியில் பேர் வைத்துவிட்டார். வைக்கச் சொல்லிக் கொடுத்தது யார்? எங்கள் ஷ்லீரன் ஆட்கள். ஒரு மனிதனைச் சாகடித்துவிட்டு, அவன் மனைவியை நடத்தை கெட்டவளாகவும் ஆக்கிவிட்டார்கள். இந்த வசனத்தை எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் கைப்பையில் இருந்து தொலைபேசியை எடுத்து அத்தானுக்கு வீடியோ அழைப்பு எடுத்தேன். அங்கே அப்போதுதான் விடிகிறது. வெள்ளைத் தொப்பியும் ஏப்ரனுமாக, முதியவர்களின் காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வெட்டிக்கொண்டு நின்றார். கல்யாணம் காட்டப் போகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். நான் திரையை யோகாம்பாளின் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"மாமி, இவர்தான் உங்கடை லெப்டினன்ட் கேணல். வடிவாப் பாருங்கோ."

யோகாம்பாள் கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தார். பத்து வருடமாகக் கும்பிட்ட முகம் அவருக்குத் தெரியாதா? "நீங்கள்... உங்களுக்கு நான் விளக்கு வைச்சனானே" என்றார்.

தட்டில் யோகாம்பாளின் கையையும் பக்கத்தில் அக்காவையும் கண்டதும் அத்தானுக்கு என்ன நடந்தது என்று விளங்கிவிட்டது. கத்தியைக் கீழே வைத்தார்.

"விளக்கு வைச்சதுக்கு நன்றியம்மா. இப்ப என்ரை மனுசியிட்டைத் தட்டைக் குடுங்கோ."

யோகாம்பாள் தட்டை விட்டார். அக்கா ஆலாத்தி எடுத்தாள். நான் ஒரு கையால் தட்டையும் மறு கையால் தொலைபேசியையும் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தான் தொப்பியைக் கழற்றிவிட்டு, தாலி கட்டி முடியும் வரை அந்தச் சமையலறையில் அப்படியே நின்றார். ஷெஃப் வந்து ஏதோ கேட்டபோது, "மைனே டோஹ்டர்" என்று திரையைக் காட்டினார். என் மகள் என்று அர்த்தம். ஷெஃப் கத்தியை எடுத்துக்கொண்டு மிச்சப் பாணைத் தான் வெட்டப் போனார்.

அந்த வருடக் கார்த்திகையிலும் படத்தை வைத்தார்கள். ஆனால் அதற்கு அடுத்த நாள் யோகாம்பாள் எனக்குத் தொலைபேசி எடுத்தார். அழுதாரா, ஏசினாரா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. நிகழ்ச்சியில் போட்டிருந்த தொலைபேசி இலக்கத்துக்குத் தானே எடுத்து, "இளமாறன் உயிரோடை இருக்கிறார், நான் என்ரை கண்ணாலை கண்டனான், படத்தை எடுங்கோ" என்று சொன்னாராம். மறுபக்கத்தில் கதைத்த ஆள், "அம்மா, இதெல்லாம் எதிரியின்ரை பொய்ப் பிரசாரம், நம்பாதேங்கோ" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டானாம்.

ஞாயிற்றுக்கிழமை அத்தான் வந்தபோது சொன்னேன். அவர் வழமைபோல வெங்காயத்தை எடுத்து உரித்தார்.

"அப்ப, கடைசியிலை சாட்சி சொல்ல ஒராள் கிடைச்சிட்டுது, என்ன?"